பச்சை டிக் வாங்கிய பசந்தி

காலை ஏழு பத்து. கொல்கத்தா டாலிகஞ்சில் அண்ணாச்சி கடையில் முதலில் கண்ணில் பட்டது தோசை மாவு அல்ல. கல்லாவுக்கு மேலே அவர் என்னிடம் நீட்டிய ஒரு செல்போன், அதில் ஒரு பச்சை டிக்.

"பிளாக்செயினாம் சார். ஒருத்தனும் மாத்த முடியாதாம்" என்றார் அண்ணாச்சி. குரலில் பெருமை இல்லை.

அவர் மகள் வசந்தி கொல்கத்தாவிலேயே பிறந்தவள். பட்டம் வாங்கிவிட்டாள். சென்னையில் வேலையும் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் கம்பெனி சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை.

அவள் படித்த தனியார் கல்லூரி சான்றிதழ்களை பிளாக்செயினில் ஏற்றுகிறது. ஒரே பதிவின் நகல் பல கம்ப்யூட்டர்களில் இருக்கும். ஒன்றில் கைவைத்தால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. தபாலில் வாரக்கணக்கில் நடந்த வேலை, இப்போது க்யூஆரை ஸ்கேன் செய்தால் முடிந்தது.

ஸ்கேன் செய்தேன். அசல் சான்றிதழ். முதல் வகுப்பு. பெயர் — பசந்தி. ஆதார் அட்டையிலோ வசந்தி.

வங்காளிகள் வாயில் 'வ' நிற்பதில்லை. வெங்கட்டான நானே இங்கே பெங்கட்தான். கல்லூரி ஆபீஸில் யாரோ 'வி'க்குப் பதில் 'பி' தட்டிவிட்டார். சரி, ஏற்றுவதற்கு முன் மாணவர்களிடம் காட்டி ஒப்புதல் கேட்டிருப்பார்களே?

கேட்டிருக்கிறார்கள்.

"நான்தான் காகு ஓகே குடுத்தேன்" என்றாள் வசந்தி. அவளுக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் காகு, அதாவது சித்தப்பா. "எல்லாரும் அப்டித்தானே கூப்பிடறாங்க... தப்பாவே தெரியல."

"ஏட்டி, நாங்க வச்ச பேரு மறந்துட்டோ?"

"நீங்க ஏட்டின்னுதானேப்பா கூப்பிடறீங்க."

அண்ணாச்சி மாவு பாக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

பழைய பதிவை அழிக்க முடியாது, ரத்து என்று குறித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஏற்றலாம் என்று கல்லூரியில் சொன்னார்களாம். அதற்குக் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி, துர்கா பூஜை விடுமுறை முடிந்துதான் கூடும்; அதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும்.

பிளாக்செயின் வெறும் ஆரவாரமா? அப்படிச் சொல்லமாட்டேன். போலிச் சான்றிதழ் விற்பவனுக்கு இது பெரிய தொல்லை. ஒருவரையொருவர் நம்பாத நாலு பேர் ஒரே கணக்கு வைத்துக்கொள்ளவும் உதவும். ஆனால் இங்கே எழுதுவது ஒரே கல்லூரி. அதை எல்லாரும் நம்பவும் செய்கிறார்கள். அதன் வெப்சைட்டிலேயே போட்டால் போதாதா? தவிர, எழுதியதை யாரும் மாற்றவில்லை என்றுதான் பச்சை டிக் சொல்கிறது. எழுதியது சரியா என்று பார்க்க வேண்டியவர்கள் ஒரு கிளார்க்கும் வசந்தியும்தான். இருவருக்கும் காதில் ஒரே பெயர்!

மறுநாள் மூவரும் அலிப்பூர் கோர்ட் வாசலுக்குப் போனோம். வசந்தியும் பசந்தியும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம். டைப்பிஸ்ட் முதலில் இரண்டு பெயரையும் 'பி'யிலேயே அடித்தார். நான் சுட்டிக்காட்டியதும் தாளை உருவிக் கசக்கிவிட்டு வேறு தாள் சொருகினார். நோட்டரி வட்ட முத்திரை குத்தினார். கம்பெனி ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை வசந்தி வேலையில் சேர்ந்தாள். க்யூஆரை ஸ்கேன் செய்தால், பசந்திக்கு இன்றும் பச்சை டிக்.