நைனா வீட்டுக்குப் போன டேப்

கலைவாணி சத்தம் போட்டுப் பேசி லைட்ஹவுஸ் குப்பத்தில் யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் தாடை இறுகும், அவ்வளவுதான். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த காலமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். கேபிள் சுருட்டுவதைத் தவிர அங்கே அவளுக்கு வேலை தரவில்லை. குரல்களைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைத் தொட்டால், "மீன் கையை எடும்மா" என்பார் இன்ஜினியர். எல்லோரும் சிரிப்பார்கள்.

அதனால், குப்பத்துப் பெண்கள் குழுவுக்கு ஒரு தொண்டு நிறுவனம் ஸ்டுடியோ வைத்துத் தர முன்வந்ததும், மிக்சரை நான்தான் பொருத்துவேன் என்று ஊர் திரும்பினாள். கரையோரம் பூட்டிக்கிடந்த பழைய ஐஸ் அறைதான் ஸ்டுடியோ. உப்புக்காற்று குமிழ்களை அரித்துவிடும் என்பதால், குமிழே இல்லாத மிக்சரைக் கேட்டு வாங்கியிருந்தாள். குரல் பழையபடி கம்பி வழியாகத்தான் ஓடும்; கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் வைஃபையில், டேப் என்னும் தொடுதிரைப் பலகையிலிருந்து. மைக்கைச் செருகியதும் ஸ்பீக்கர் விடாமல் இரைந்தது. எர்த் சரியில்லை. ஈரம் தட்டும் வரை மணலைத் தோண்டிச் செம்புக் கம்பியை இறக்கிய பிறகே இரைச்சல் அடங்கியது.

கருவாடு காயவைக்கும் பச்சையம்மா வாசலில் நின்று பார்த்தாள். "மிக்சரு மிக்சருன்னு ஊரே பேசுது. ஒரு கை அள்ளிக் குடேன்டி."

திறப்பு நாளில் பூசை முடிந்ததும் நைனா டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நைனா, கலைவாணியின் அப்பா திருவேங்கடம், ஊர்த் தலைவர். கோயில் சாவி, அன்னதான அண்டா என்று ஊருக்குப் பொதுவான எதுவும் தலைவர் வீட்டில்தான் இருக்கும். டேப்பும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார், ஊரும் நினைத்தது. தன் வேலையைச் செய்ய ஒவ்வொரு முறையும் வீட்டில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது அவளுக்கு எரிந்தது.

அந்தச் சனிக்கிழமை பச்சையம்மா பேச வேண்டிய நாள். பெண்கள் கருவாடு காயவைக்கும் மணல்திட்டைக் கல்தூண்களை அடுக்கிவைக்கும் இடமாக ஒரு கான்ட்ராக்டருக்கு விட்டிருந்தார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஒரு பெண்ணையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது நைனா. மறுநாள் லாரி வரப்போகிறது. பெண்கள் எல்லோரும் திட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்று ஸ்டுடியோவின் குழாய் ஒலிபெருக்கியில் கூப்பிடத்தான் பச்சையம்மா வந்திருந்தாள்.

அன்று நைனா டேப்பைத் தரவில்லை. "எல்லாம் செட் பண்ணித்தான வெச்சிகீற, போ" என்றார்.

பச்சையம்மா பேச ஆரம்பித்தாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். திட்டின் பேச்சை எடுத்ததும் அவள் குரல் தேய்ந்தது. ஒலி அளவைக் காட்டும் மிக்சரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அறையில் அதை யாரும் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் நைனா வீடு, டேப்பும் அங்கேதான்.

பச்சையம்மா தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சின்னத் திரையில் முழு வேலையும் ஓடாது என்றாலும், மிக்சரை இயக்கும் ஆப் கலைவாணியின் போனிலும் இருந்தது. அதில் பச்சையம்மா குரலைத் தூக்கினாள். அது இறங்கியது. மறுபடி தூக்கினாள். மறுபடி இறங்கியது. மூன்றாம் முறை மேலே ஏற்றிய அதே நொடியில் வைஃபை பெட்டியிலிருந்து மிக்சருக்கு வரும் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். விளக்குகள் எரிந்தபடியே நின்றன. இனி விட்ட இடத்திலிருந்து ஒலி அளவு அசையாது.

"பேசு அத்தை," என்றாள்.

பச்சையம்மா கையெழுத்துப் போட்டவர் பெயரையும் சேர்த்தே சொன்னாள்.

அவள் முடித்து எழும்போது நைனா டேப்போடு வாசலில் நின்றார். பெத்த பொண்ணே மானத்தை வாங்கிவிட்டாள் என்றார். நாளைக்கே ஊர்க்கூட்டம் போட்டு இந்த அறையைப் பூட்டிவிடுவேன் என்றார்.

"கையெழுத்து போட்டது கூட எனக்கு அவ்ளோ பெருசு இல்ல நைனா," என்றாள் கலைவாணி. அவளுக்கே தெரியாத சத்தத்தில் குரல் வந்தது. "பேசிக்கினு இருந்தவ கழுத்த ஊட்டுல குந்திக்கினே நெரிச்ச பாரு. அதுவும் நான் மாட்டுன மிஷின்ல."

மைக் திறந்தே இருந்ததால் அது குப்பம் முழுக்கக் கேட்டது. நைனா திரும்பிக் கரையைப் பார்த்தார். அங்கிருந்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேப்பை இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். கலைவாணி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பேசுவதற்கு வந்து வரிசையில் நின்ற பெண்களில் அடுத்தவளான ராஜம்மாவுக்கு மைக்கின் உயரத்தைத் தாழ்த்திக் கொடுத்தாள்.