கட்டிலோரம் முடிந்த கிரயம்

கிரயம் ஆவதற்கு முன்னாலேயே வண்டியில் சாமான் ஏற்றிவிட்ட அவசரக்காரி நான். என் வீட்டுக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். முதலில் ஆதாரம் பதிவாகட்டும், அப்புறம் ஏற்றலாம் என்றார். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் கிரயப் பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பெயர். நான் கேட்டால்தானே! அண்டா, குண்டா, ஆட்டுக்கல், அரிசி மூட்டை எல்லாம் விடிவதற்குள் மாட்டு வண்டியில் ஏறிவிட்டன.

கல்யாணமான நாளிலிருந்து ஓரகத்தி வீட்டுப் பக்கத்து அறையில்தான் எங்கள் குடித்தனம். ஓரகத்தி கெட்டவள் இல்லை. ஆனால் அவள் உலை இறங்கினால்தான் என் உலை ஏறும். எத்தனை நாள் பசியோடு அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்! வண்டி கிளம்பும்போது அவள் வாசலில் நின்று, "பாத்து அம்மிணி, சாமானத்தோட திரும்பி வந்துறப் போறே" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறியது. திரும்பி வந்தால் என்னை ஏனென்று கேள் என்று மனசுக்குள் சபதமே போட்டுவிட்டேன்.

நாங்கள் வாங்கப்போகிற வீடு ரெண்டு தெரு தள்ளி. விற்கிற பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. அவர் வீட்டுக்காரர் தவறிப்போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. இருக்கிற ஒரே மகள் பொள்ளாச்சியில் இருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பதிவு முடிந்ததும் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும், நாங்கள் அன்றைக்கே பால் காய்ச்ச வேண்டும் என்று ஏற்பாடு. படுத்திருப்பவரை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாதில்லையா? மனு கொடுத்தால் சப் ரிஜிஸ்டிராரே வீடு தேடி வந்து பதிவு செய்து கொடுப்பார் என்று ஆதாரம் எழுதுகிறவர் சொல்லி, அவரே மனுவும் போட்டிருந்தார்.

ஆபீசே வீட்டுக்கு வருகிறது என்றால் சும்மாவா! தெருவே கூடிவிட்டது. கார் வந்து நின்றது. முன்னால் இறங்கிய பியூன் கையில் பெரிய புத்தகமும் மைப்பெட்டியும். பின்னால் ஆபீசர். கோட்டயம் பக்கத்துக்காரர், இளவயசு, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. இளநீர் வெட்டி வைத்திருந்தோம், தொடவில்லை. பதிவு முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஆதாரம் எழுதியவர் முழுசையும் வாசித்துக் காட்டினார். இன்னாரின் மனைவி இன்னார் என்ற இடம் வந்ததும் பெரியம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன், ஆபீசர் பார்க்கவில்லை. வாசித்து முடித்ததும் ஆபீசர் பெயரைக் கேட்டார், பெரியம்மா சொன்னார். அப்பா பெயரைக் கேட்டார், அதையும் சொன்னார்.

"பர்த்தாவோட பேரு?"

பெரியம்மா வாயே திறக்கவில்லை.

மறுபடியும் கேட்டார். சாட்சிக்காரர் சொல்ல வாயெடுத்தார், ஆபீசர் கையைக் காட்டி அடக்கிவிட்டார். மகள் சொல்ல வந்தாள், அவளையும் அடக்கிவிட்டார். படுக்கையில் கிடப்பவர்களை ஏமாற்றிக் கைநாட்டு வாங்குகிற ஊரெல்லாம் உண்டு, சுயநினைவோடுதான் விற்கிறார் என்று தெரிய வேண்டும், கட்டின புருஷன் பெயரே தெரியாதவரிடம் எப்படிக் கைநாட்டு வாங்குவது என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை சார் என்று ஆதாரம் எழுதியவர் கெஞ்சினார். அது நீங்கள் சொல்வது, அவர் சொல்லவில்லையே என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார் ஆபீசர்.

வாசலில் வண்டி நிற்கிறது. அதன்மேல் என் ஆட்டுக்கல் ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கிறது. ஓரகத்தி முகம் கண்முன்னால் வந்து வந்து போகிறது. இன்றைக்கு விட்டால் பெரியம்மா பொள்ளாச்சி போய்விடுவார், அப்புறம் எந்தக் காலத்தில் கிரயம்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலோரம் போய் நின்றேன்.

"பெரீம்மா, ஒரே ஒருக்காச் சொல்லிப்போடுங்க. பேருதானுங்களே, சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?"

"அவிய பேர நா எப்படிக் கண்ணு சொல்லுவேன்?" என்றார் பெரியம்மா. கண் கலங்கியிருந்தது.

ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாங்குகிறவள் நான்தான் என்று ஆதாரம் எழுதியவர் சொன்னார்.

"சரி, நீங்க சொல்லுங்க. உங்க பர்த்தா பேரு?"

நானா? எட்டாவது வரை படித்தவள். ரேஷன் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிறவள். டக்கென்று வாயைத் திறந்தேன். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஏறவே இல்லை. கல்யாணமாகி ஒரு தரமாவது சொல்லியிருந்தால்தானே வரும்! கூப்பிட வேண்டுமென்றால் 'ஏனுங்க', அவ்வளவுதான். ஜன்னலோரம் நின்ற என் வீட்டுக்காரராவது உதவிக்கு வருவார் என்று பார்த்தால், கூரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். கூட்டத்துப் பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆபீசர் அவர்களைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டார். தன் புருஷன் பெயரை ஒருத்தியாவது சொல்ல வேண்டுமே! அத்தனை பேரும் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒளிந்தார்கள்.

ஆபீசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது.

பெயர் வேண்டாம், இந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பெரியம்மாவைக் கேட்டார். யார் கட்டினது, யாருக்குக் கொடுக்கிறீர்கள், யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

பெரியம்மா முந்தானையை விலக்கி அவரை நேராகப் பார்த்தார். "எடம் எங்கப்பன் குடுத்ததுங்க. அவியளும் நானும் மண்ணுக் கொழச்சுக் கட்டுனோம். இந்த அம்மிணிக்கு நானாத்தான் குடுக்கறனுங்க. என்ற காலு இனி நடக்காது, மக ஊட்டுக்குப் போறேன். ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலீங்க."

போதும் என்றார் ஆபீசர். புருஷன் பெயரைச் சாட்சிகளிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பியூன் மைப்பெட்டியைத் திறந்து பெரியம்மாவின் பெருவிரலைப் பிடித்து உருட்டினார். முடிந்தது! வீடு எங்களுடையது! இளநீரை ஆபீசர் கையில் கொடுத்த வேகத்தில் அவர் சட்டையிலும் கொஞ்சம் கொட்டினேன். வாசலுக்கு ஓடி, வண்டியில் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் கையை விட்டுப் பால் சட்டியை உருவினேன். சந்தோஷத்தில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்குள் பெரியம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். உயிரோடு இருப்பவருக்குக் கால் முன்னால் போகக் கூடாது என்று தலைமாட்டை முதலில் வெளியே எடுத்தார்கள். அதனால் அவர் முகம் வீட்டுக்குள்ளே பார்த்தபடி இருந்தது. கட்டில் நிலைவாசலைத் தாண்டியதுதான் தாமதம், நான் சட்டியோடு பாய்ந்து வலது காலை வாசற்படியில் வைத்துவிட்டேன்.

"செத்த நில்லுங்கப்பா" என்றார் பெரியம்மா. தூக்கியவர்கள் நின்றார்கள்.

எனக்குப் பின்னால் வீட்டுக்குள்ளே ஒருத்தரும் இல்லை. பெரியம்மா என்னைத் தாண்டி அந்த இருட்டைப் பார்த்தார். தினமும் கூப்பிடுகிற குரலில், மெல்ல, "ஏனுங்க, வாங்க, போலாம்" என்றார்.

நான் படியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.