வேலிக்கு முந்தைய படங்கள்

மிளகு காயும் நெடி மூக்கில் ஏறும்போதெல்லாம், பண்ணைக்காட்டில் அக்காவின் தோட்டத்துக்குப் போகும் பாதை என் காலடியில் வந்து நின்றுவிடுகிறது.

அத்தான் இறந்த மறுவருஷம் பக்கத்து நிலத்தை வாங்கிய வெளியூர்க்காரர், அந்த ஒரே ஜீப் பாதையை மறித்துக் கம்பிவேலி போட்டார். அங்கே பாதையே இருந்ததில்லை என்றும் சொன்னார். அன்றிலிருந்து காபியும் மிளகும் அக்காவின் தலையில்தான் இறங்கின. அவள் மனுக் கொடுத்தாள். கொடைக்கானல் தாலுகா ஆபீஸில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

பாதைக்குச் சாட்சி இருந்தது. அத்தானின் தம்பி வருஷக்கணக்காகப் போனில் எடுத்த படங்கள். அவற்றை இணைய டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு, எனக்கும் அக்காவுக்கும் பகிர்ந்திருந்தார். விசாரணைக்கு முந்தின நாள், பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். காலி. மூடித் திறந்தேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "போட்டவங்களே அழிச்சிருக்காங்க சார். அவங்க கணக்குல குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கும். அதுலயும் கொஞ்ச நாளைக்குத்தான் கெடக்கும். வெரசாப் போங்க."

அத்தானின் தம்பி தாண்டிக்குடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரி. கூப்பிட்டால் போன் போகவில்லை. கூட வந்திருந்த அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எந்திரி. ஜீப் நிக்குது."

ஏற்றத்தில் ஜீப் முனகியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் வெளி. மஞ்சு மூட்டம் வந்து ரோட்டைத் தின்றது, கக்கியது. நான் கம்பியைப் பிடித்திருந்தேன். அக்கா எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காபி காயும் களத்தில் நின்ற அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மதினி, மச்சானையும் கூட்டிக்கிட்டு? விருந்தா?"

"படமெல்லாம் எங்க தம்பி?"

"அதான் உங்களுக்குக் கொடுத்துட்டேன்ல. இடம் இல்லைன்னு போன் கத்திக்கிட்டே இருந்துச்சு. எங்கிட்ட இருந்ததை அழிச்சிட்டேன்."

இந்த மலையில் ஒருவருக்கு மிளகுக் கொடி வெட்டிக் கொடுத்தால் அது அவர் மரத்தில் ஏறிவிடும். கொடுத்தவர் கொடி பட்டுப்போனாலும் வாங்கியவருக்குக் காய்க்கும். படத்தையும் அவர் அப்படித்தான் கொடுத்திருந்தார்.

"நீங்க கொடுக்கல மாப்ளே," என்றேன். "உங்க வீட்டு ஜன்னலைத் தெறந்து காட்டுனீங்க, அம்புட்டுதான். உள்ள இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டா நாங்க எதைப் பாக்க?"

அவர் முகம் சுண்டியது. "அண்ணன் போட்ட பாதையாச்சே மதினி..."

"பொறவு முழிக்கலாம். சிக்னல் எங்க கெடைக்கும், அதைச் சொல்லு."

"மேல வளைவுக்குப் போவணும்."

"நட."

வளைவில் ஒரு பாறைமேல் அவரை ஏற்றி நிறுத்தினோம். குப்பைத்தொட்டி திறந்தது. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள், யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக், அதற்கும் கீழே எங்கள் படங்கள்.

"ஊருக்கெல்லாம் வணக்கம் சொல்லித்தான் போன் ரொம்பிருக்கு," என்றாள் அக்கா.

மீட்கும் பொத்தானை அமுக்கினார். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அவர் கை நோக நோகப் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். பிறகு வந்தன. மூட்டை ஏற்றிய ஜீப். சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தள்ளும் அத்தான். அப்புறம், அதே பாதையில் அத்தானைத் தூக்கிக்கொண்டு போகும் கூட்டம்.

நான் அதை வேகமாகத் தள்ளிவிடப் பார்த்தேன். அக்கா போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதையும் போடு. இதுலதான் பாதை நல்லாத் தெரியுது."

ஒவ்வொன்றையும் என் கணக்கிலும் அவள் கணக்கிலும் நகலெடுத்த பிறகே பாறையிலிருந்து அவரை இறங்க விட்டேன். கடை மூடுவதற்குள் பிரிண்டும் எடுத்தாயிற்று.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினோம். தாலுகா ஆபீஸில், மனுக் கொடுத்தவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். எந்தப் படத்தை முதலில் காட்ட வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என் கையிலிருந்த கவரை உருவிக்கொண்டாள்.

"ஏலே, நீ இங்கனயே நில்லு. உள்ள வந்தா நீயே பேசிருவ. அந்தப் பாதையில நடந்தவ நான், நான் சொல்லிக்கிறேன்."