பத்து விரல்காரன்

நான் புளுகுகிறேன் என்பவர்கள் என் வலது சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கலாம். உள்ளே ஒன்றும் இருக்காது.

மிசிசிப்பியில் எங்கள் மர அறுவை மில்லுக்கென்று பைன் காட்டுக்குள் பதினோரு மைல் ரயில் ஓடியது. இப்போது காடும் இல்லை, மில்லும் இல்லை. தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே, இரண்டையும் இணைக்க ஓர் இரும்பு வளையம், ஓர் ஆணி. இன்ஜின் பின்னால் தள்ளிவரும்போது ஒருவன் நடுவில் நின்று ஆணியை இறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் விரல் போச்சு. அப்போது என் வலது கையில் மூன்றுதான் மிச்சம். டிரைவர் லெம்முக்கு இரண்டு குறைவு. விரல் போனவனைத்தான் வேலை தெரிந்தவன் என்று மதிப்போம்.

1908 அக்டோபரில் ஓரன் பிக்கெட் வேலை கேட்டு வந்தான். பத்து விரலோடு.

"என்னடா இது, பொம்பளைக் கை?" என்றேன்.

"ஒரு வாரம் பாருங்கண்ணே. வீட்ல எட்டு மாசம்."

நாலாம் நாள், அவன் நடுவில் குனிந்திருந்தபோதே லெம்முக்குக் கை காட்டினேன். பின்னால் வா, வா... சும்மா பயமுறுத்தத்தான். சிரித்துக்கொண்டே காட்டினேன். இரண்டு பெட்டிகளும் அவன் நெஞ்சில் வந்து சேர்ந்தன.

அவன் கால் வழுக்கித்தான் செத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவன் மனைவியிடமும் அதையேதான். எனக்கு என் வேலை போய்விடுமோ என்ற பயம்.

மறு வருடம், அதே இடம். மூடுபனி. வண்டியில் நானும் லெம்மும் மட்டும். மாலை 5.10. பெட்டிகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளி. வளையம் கோணிக் கிடந்தது. "நில்" என்று லெம்முக்குக் கை காட்டினேன். இன்ஜின் நின்றது. உள்ளே நுழைந்தேன்.

ஆணியைத் தொட்டேன். சூடாக இருந்தது. அந்தக் குளிரில்...

சரளைக்கல்லில் காலடி. சரக்... சரக்...

என் பிடரியில் மூச்சு.

"யாரு?"

இன்ஜின் அசைந்தது.

"அண்ணே! நிறுத்துங்க!" என்று லெம்மை நோக்கிக் கத்தினேன்.

டக்... டக்...

டக்.

என் பாக்கெட் கடிகாரம் 5.12-இல் நசுங்கி நின்றிருந்தது.

மூன்று நாள் கழித்து, வலது கை இல்லாமல் கண் விழித்தேன். பக்கத்தில் லெம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நில்லுன்னுதானே காட்டினேன்?"

"காட்டினே. அப்புறம் நீயே கூப்பிட்டியேடா ஹாஸ்கல்! நடுவுலேர்ந்து வலது கையை நீட்டி, வா வான்னு. பனியில கை மட்டும்தான் தெரிஞ்சுது."



"எத்தனை விரல்ண்ணே?"

லெம் தன் கையைப் பார்த்தார்.

"அஞ்சு."