மல்லாவியில் நான் சொன்ன தீர்ப்பு

பெண்ணிய மெய்யியல் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி இருப்பார். மெய்யியல் என்று மட்டும் சொன்னால் கையை நீட்டி, ரேகை பார்க்கத் தெரியுமோ என்று கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு ஓடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே ஓடுகிறது.

ஓரிடத்தில் இருக்கத் தெரியாத கால்கள் எனக்கு. கழுத்தில் பெயர் அட்டை தொங்க, குளிர்நாட்டு மண்டபங்களில் உலகளாவிய பால்நிலை நீதி பற்றிக் கட்டுரை வாசித்திருக்கிறேன். பிள்ளையைத் தூக்குவது, நோயாளியைத் துடைத்துவிடுவது, அழுகிறவரின் பக்கத்தில் பேசாமல் இருப்பது, இதெல்லாம் யாருடைய வேலை, அதை வேலை என்று யார் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று கென்யாக்காரி ஒருத்தியோடும் சிலிநாட்டுக்காரி ஒருத்தியோடும் சாப்பாடு ஆறும்வரை வாதாடியிருக்கிறேன். அந்த வாதங்களின் ருசி தனி. ஒருத்தி கட்டியதை இன்னொருத்தி இடிப்பாள். இடிபட்டவள் ஒரு நிமிடம் முகட்டைப் பார்த்துவிட்டு, "ஓ, அது சரி" என்று சிரிப்பாள். தோற்றவள் நன்றி சொல்லுகிற தொழில் வேறு எங்கே இருக்கிறது? பிறகு விமானம், பிறகு வாடகை வான், பிறகு ஏ ஒன்பது வீதி. மதவாச்சி தாண்டியதும் காய்ந்த புல்லின் மணம் யன்னலால் ஏறி மடியில் வந்து இருந்துகொள்ளும். வவுனியா வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த நாள் காலை வகுப்பு. யன்னலுக்கு வெளியே மயில் ஒன்று அகவும், நான் நீதி என்றால் என்ன என்று கேட்பேன், பிள்ளைகள் மயிலைப் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன். அப்படித்தான் எங்கள் மெய்யியல் தொடங்கும்.

அந்த வருடம் என் பாடம் படுத்துவிடும்போல் இருந்தது. பெண்ணிய மெய்யியல் கட்டாயப் பாடம் இல்லை, விரும்பியவர்கள் எடுப்பது. குறிப்பிட்ட அளவு ஆட்கள் சேராவிட்டால் அந்த வருடம் அது நடக்காது.

"ஒரு ஆள் குறையுது மெடம்," என்றார் துறைத்தலைவர். நல்ல மனிதர், கெட்ட செய்தியை விசுக்கோத்தோடு சேர்த்துத் தருவார். "திங்கக்கிழமைக்குள்ள ஒராள் வந்தால் பாடம் ஓடும். இல்லாட்டி தர்க்கவியலை இன்னொரு வகுப்புக்கு எடுங்கோ."

அந்த ஓர் ஆள் யாரென்று எனக்குத் தெரியும். மல்லாவியில் இருந்து வருகிற இரண்டாம் வருடப் பிள்ளை. முன்வரிசையில் இருந்து, நான் எதைச் சொன்னாலும் அதில் ஓட்டை தேடுகிறவள். பாடத்தை எடுக்க அவளுக்கு ஆசை. தகப்பன்தான் வேண்டாம் என்று நின்றார்.

"அந்தப் பாடம் படிச்சால் பிள்ளை ஒருபக்கமாத்தான் கதைக்குமாம் மிஸ், அப்பா சொல்றார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஒண்டும் சொல்லேல்ல. சொன்னால் ஒருபக்கமாக் கதைச்ச மாதிரி ஆயிடுமெல்லோ."

பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்குத் தகப்பனின் சம்மதம் தேவையில்லை. ஆனால் மழைக்காலச் சேற்றில் ரியூசனுக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரிந்த தகப்பன் அவர். அவரை ஒளித்துப் படிக்க அவளுக்கு மனமில்லை. ஒளித்துப் படி என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கிழமையே தகப்பன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகளைப் பற்றித்தான் என்று நினைத்து நெஞ்சைத் தயார்படுத்திக்கொண்டேன்.

"மிஸ், எங்கட சனசமூக நிலையத்தின்ர ஆண்டு விழா வருது. நான்தான் தலைவர். சனிக்கிழமை பின்னேரம் பட்டிமன்றம் வைக்கிறம். நடுவரா நீங்கள் வரவேணும்."

"என்ன தலைப்பு?"

"குடும்பச் சுமையைக் கூடச் சுமக்கிறது ஆம்பிளையளோ, பொம்பிளையளோ எண்டு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. "மகளுக்கு என்ர பாடம் வேண்டாம், விழாவுக்கு மட்டும் நான் வேணுமோ?"

"அது வேற, இது வேற மிஸ். பாடமெண்டால் வருசம் முழுக்க. இது ஒரு பின்னேரம்தானே, தாங்குவம்." சற்று நிறுத்தி, குரலைத் தணித்தார். "பிள்ளையை ஆம்பிளையளின்ர பக்கம் போட்டிருக்கிறன். என்ன செய்யிறாள் எண்டு பாப்பம்."

மாங்குளத்தில் பஸ் மாறி நான் மல்லாவியில் போய் இறங்கியபோது தரப்பாள் பந்தலுக்குக் கீழே ஊர் முழுக்க இருந்தது. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், முன்னால் மணலில் கச்சான் கடலைச் சுருளோடு சிறுசுகள். டிரக்டர் எண்ணெய் போகாத கைகளால் தகப்பன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் நடுவர் கதிரையில் இருக்கமுதலே ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது.

"தீர்ப்புத் தெரிஞ்ச கதைதானே! வீட்ட போவமோ?"

"போங்கோ, போய் உலையை வையுங்கோ," என்று பெண்கள் பக்கம் பதில் பறந்தது. "நாங்கள் ஆறுதலா வாறம்!"

பந்தல் குலுங்கியது. நான் கடுகடுத்த முகத்தோடு வருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்போல. நான் சிரித்ததைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

பெண்கள் பக்கத்துக்குப் பேச வந்தவர் சந்தியில் புடவைக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர், ஊருக்கு அவர் நானா. "பொம்புளைகட சுமை எனக்குத்தான் விளங்கும்," என்று தொடங்கினார். "ஒரு சாறி எடுக்கிறதுக்கு நாப்பது சாறி விரிப்பாங்க. அம்பிட்டையும் திருப்பி மடிக்கிறது நான்!" கைதட்டல் வாங்கினார், தன் கட்சியையும் கவிழ்த்தார். "நானா, நீங்க எந்தப் பக்கம்?" என்று பெண்கள் கத்த, தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

பிறகு என் பிள்ளை எழுந்தாள். வகுப்பில் என்னை மடக்கும்போது வருகிற குரல் முதலில் வரவில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நான் சுமையின்ர பாரத்தைப் பற்றிக் கதைக்க வரேல்ல. இறக்கிறதைப் பற்றிக் கதைக்க வந்தனான். முந்தி வீதிக்கரையில சுமைதாங்கிக் கல்லு வைச்சவை. தலைச்சுமையோட வாற ஆள் அதில இறக்கி வைச்சு மூச்சு விட்டிட்டுப் போகும். எங்கட அம்மாமாருக்கு அப்பிடி ஆக்கள் இருக்கினம். கிணத்தடியில ஒராள், வேலிக்கு அங்கால ஒராள். அழலாம், ஏசலாம். எங்கட அப்பாமார் அழுது ஆரும் கண்டிருக்கிறீங்களோ? அழ விட்டிருக்கிறீங்களோ? இறக்க இடமில்லாத சின்னச் சுமை, இறக்கி ஏத்திற பெரிய சுமையைவிடப் பாரம்."

மேடைக்குக் கீழே நின்ற தகப்பன் தன் உள்ளங்கையில் போகாத எண்ணெயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நான் கதிரையில் நெளிந்தேன். பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால் எல்லாரும் எதிர்பார்த்தது நடக்கும். ஒருபக்கமாகக் கதைக்கிற பாடம் என்று தகப்பன் சொன்னதும் உண்மையாகிவிடும். ஆண்கள் பக்கம் சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், திங்கட்கிழமை ஓர் ஆள் கிடைக்கவும் கூடும். அந்த நினைப்பு வந்ததும் என் காதை நானே முறுக்கவேண்டும்போல் இருந்தது. நடுவர் கதிரையில் இருந்துகொண்டு பாடத்துக்கு ஆள் பிடிக்கக்கூடாது. ஆளை விட்டுவிட்டு வாதத்தை மட்டும் பார்த்தேன். பிள்ளையின் வாதம் ஒன்றுதான் நின்றது.

"ஆண்கள் பக்கம்," என்றேன்.

ஆண்கள் பக்கம் விசிலடித்தார்கள். "ஐயோ மிஸ்!" என்று பெண்கள் பக்கம் எழுந்த கூக்குரலில் தரப்பாளில் இருந்த காகங்கள் பறந்தன.

பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னால் அதோடு கதை முடிந்தது. நன்றியுரை, தேத்தண்ணி, வீடு. அது ஊருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் எந்த முடிவைச் சொன்னாலும் அடுத்த மூச்சில் ஒரு கேள்வி கேட்டுக் கேட்டே என் நாக்குப் பழகிவிட்டது. ஒலிவாங்கி கையில் இருந்தது. நாக்கு தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"இதுக்கு மறுப்பு ஏதும் உண்டோ?"

"எனக்கு இருக்கு."

பெண்கள் பக்கத்துப் பின்வரிசையில், கையில் ரோல்ஸ் தட்டோடு ஒரு பெண் நின்றா. சாறித் தலைப்பை இடுப்பில் செருகி, அதுவரை எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தவா. மேடையில் நின்ற பிள்ளை, "ஐயோ, அம்மா," என்று வாயைப் பொத்தினாள். தட்டை ஒரு கதிரையில் வைத்துவிட்டுத் தாய் நேரே வந்து என்னிடம் ஒலிவாங்கியை வாங்கினா.

"மகள் வடிவாக் கதைச்சவள். ஆம்பிளையளுக்குச் சுமைதாங்கி இல்லையாம். பிள்ளை, ஒண்டு கேக்கிறன். மழை பிந்தினால் உன்ர கொப்பர் ஆரோட ஏசுறவர்? டிரக்டர் பழுதாகி நிண்டால் ஆருக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறவர்? எல்லாத்தையும் கொண்டுவந்து ஆரின்ர தலையில இறக்கிறவர்? கல்லு இல்லையோ? அப்ப நான் ஆர்?"

பெண்கள் பக்கம் கைதட்டத் தொடங்கியது. தாய் கையை உயர்த்தினா, இன்னும் முடியவில்லை என்று.

"கல்லாய் இருந்தாலும் பரவாயில்லை. கல்லு விடிய எழும்பிப் புட்டவிக்கத் தேவையில்லை!"

"அப்படிப் போடுங்க!" என்று நானா கதிரையில் ஏறி நின்றுவிட்டார்.

மகள் விடவில்லை. மற்ற ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "சரியம்மா, அப்ப உங்கட சுமையை வாங்கிற பக்கத்து வீட்டு அன்ரி? அவாவும் கல்லோ?"

"ஓம், நானும் கல்லுத்தான்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு அன்ரி எழும்பினா. "உன்ர கொம்மாவின்ர கதையைக் கேட்டுக் கேட்டு என்ர காது தேஞ்சு போச்சு!"

அதற்குப் பிறகு யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று சொல்வது கஷ்டம். ஒலிவாங்கியின் வயர் பந்தல் முழுக்க ஓடியது. ஒரு கிழவர் எழுந்து, மனுசி செத்தபிறகுதான் தன் சுமையின் பாரம் தனக்குத் தெரிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தார். அவருக்குப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். வட்டமாகக் கதிரை போட்டு, பெரிய தாளும் கலர்ப் பேனையும் பொதிச்சோறும் கொடுத்து நான் நடத்திய எத்தனையோ கருத்தரங்குகளில் இந்தக் கதையின் கால்வாசியும் வந்ததில்லை. நான் கதிரை நுனியில் இருந்து, யார் சொல்வதையும் விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு ஆறியதும் தெரியாமல் வாதாடிய அந்தத் தூர மேசைகளின் சந்தோஷம் அப்படியே நெஞ்சில் ஏறியது. இங்கே கழுத்தில் அட்டை ஒன்றுதான் இல்லை.

கடைசியில் எழுந்து நின்றேன். "ஒருத்தர் இறக்கிற சுமை இன்னொருத்தரின்ர தலைக்குத்தான் போகுது எண்டதை நான் யோசிக்கேல்ல. தீர்ப்பைத் திரும்ப எடுக்கிறன்."

"செல்லாது! செல்லாது!" என்றது இடப்பக்கம். "நடுவரை மாத்துங்கோ!"

"தலைவர் வந்து சொல்லட்டும்," என்றேன்.

தலைவர் மேடைக்கு ஏறினார். மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், "நேரம் போட்டுது, எல்லாரும் தேத்தண்ணி குடிக்கலாம்," என்றார். அன்று பின்னேரத்தின் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

தேத்தண்ணிக் கோப்பையோடு அவரே என்னிடம் வந்தார். மகள் கொஞ்சம் தள்ளி நின்று, ஏற்கெனவே மடித்து வைத்த மேசைவிரிப்பை விரித்துத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அந்தப் பாடம். பிள்ளை எடுக்கட்டும்."

ஆள் கிடைத்துவிட்டது, பாடம் ஓடும். ஆனாலும் கேட்காமல் விடமுடியவில்லை. "ஒருபக்கமாக் கதைக்கும் எண்டு சொன்னீங்களே?"

அவர் பந்தலின் மறுபக்கம் பார்த்தார். அங்கே மனைவி, சுற்றிவரப் பெண்கள் நிற்க, நானாவுக்கும் இன்னும் இரண்டு ஆண்களுக்கும் எதையோ கையை ஆட்டி விளங்கப்படுத்திக்கொண்டு நின்றா.

"பாத்தீங்களோ? இவ இனி நிப்பாட்ட மாட்டா. தனிய என்னால ஏலாது மிஸ். என்ர பக்கத்தைக் கதைக்கவும் வீட்டில ஒராள் படிச்சிருக்க வேணும்."

"ஆரின்ர பக்கம் எண்டு இப்ப சொல்ல ஏலாதப்பா," என்றாள் மகள், மேசைவிரிப்பைக் கதிரையில் எறிந்துவிட்டு. "பாடம் முடியத்தான் சொல்லுவன்." சொல்லும்போதே பெயரைப் பதிவதற்காகத் தொலைபேசியைத் திறந்துவிட்டாள்.