நாலாவது தரிப்பு

கைகள் ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டின் உட்துணியைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. கத்தரிக்கோல் தள்ளிக் கிடக்கிறது. ஒவ்வொரு நூலையும் ஊசிமுனையால் கிளப்பி, மெல்ல இழுத்து, மேசையோரம் வைக்கின்றன. வழக்கமாக இவ்வளவு மெதுவான கைகள் அல்ல.

கமலநாயகி டுசல்டோர்ஃபில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறார். தொழிலை யாரிடமும் படிக்கவில்லை. பழைய உடுப்புகளைப் பிரித்துப் பார்த்துத் தானே பழகியது. எண்பத்தைந்தாம் ஆண்டு மே மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்.

அந்தப் பயணத்தை அவர் எப்போதும் பகிடியாக, கேட்பவர் சிரிக்கும்படிதான் சொல்வார். விமானம் கிழக்கு பெர்லினில் இறக்கியது. கிழக்கு ஜெர்மனி அதிகாரிகள் விசா குத்தி, மேற்கு பெர்லினுக்கு ரயிலேற விட்டார்கள். மேற்கு ஜெர்மனியோ அதை வேற்று நாட்டு எல்லையாகவே ஏற்காததால், அந்தப் பக்கம் கடவுச்சீட்டுப் பார்க்க ஆளில்லை. சில வாரங்களில் இரண்டு அரசுகளும் பேசி இணங்கின. மேற்கின் விசா இல்லாத தமிழரைக் கிழக்கு ஏற்றுவது நின்றது. பின்னால் வரவிருந்த அண்ணன் தபோதரன் கொழும்போடு நின்றுபோனார். அந்த இரண்டு நாடுகளும் கதவடைத்தது தன் வீட்டுக்கு மட்டும்தான் என்பதுபோல் இருந்துவிட்டார் கமலநாயகி.

போன சனிக்கிழமை எமில் இந்தக் கோட்டை, மகளின் அளவுக்கு ஒடுக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். கிழக்கு பெர்லினில் பிறந்தவர் என்று தெரிந்ததும் கமலநாயகிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“உங்கட பெர்லின் சுவரோ? எண்பத்தஞ்சில ரயிலேறி, ஒரு பணிஸ் சாப்பிட்டு முடிக்க முதல் தாண்டிட்டன்!” என்று ஜெர்மனில் சொன்னார்.

திருத்தக் கொடுத்த சட்டையை வாங்க வந்திருந்த வனஜா சிரித்தாள். “அக்கா, உங்களுக்கெண்டே கதவு வச்சுக் கட்டினவையள் போல!”

கமலநாயகி அதையும் எமிலுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிச் சிரித்தார்.

“என் அம்மா அந்த ரயில் நிற்கும் நாலாவது தரிப்பில், சுவருக்கு மேற்கே, குடியிருந்தார். நீங்கள் வந்த அதே ஆண்டு மார்ச்சில் இறந்தார். போக அனுமதி கேட்டேன், தரவில்லை. அவருடைய இந்தக் கோட்டு, சுவர் திறந்த பிறகு அவர் பக்கத்து வீட்டார் எடுத்துத் தந்தது,” என்றார் எமில். குரலில் கோபமில்லை. “வியாழன் வரட்டுமா?”

அவர் போனதும் வனஜா சொன்னாள்: “விடுங்கோ அக்கா. உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

“கண்டனான் பிள்ளை. ஸ்டேசன் வாசலில ஒரு கிழவி மேற்கு ரயிலுக்கு உள்ள போக, போக விடாத ஒரு ஆம்பிளை வெளியில நிண்டு அழுதவன். கதை சொல்லேக்க அவனை விட்டிடுவன். பகிடி கெட்டுப்போகுமெண்டு.”

கமலநாயகி கோட்டை எடுத்து மேசையில் விரித்தார். அன்று வேறு துணி எதையும் தொடவில்லை.

ஒடுக்கும்போது மிஞ்சுகிற துணியை வெட்டி எறிவது வழக்கம். இம்முறை வெட்டவில்லை. மிஞ்சியதையெல்லாம் உள்ளே மடித்துத் தைத்தார். வேறு நிற நூலில் யாரோ ஒட்டவைத்திருந்த இரண்டாவது பொத்தானை அப்படியே விட்டார்.

வியாழன் எமில் வந்தார்.

“அண்டைக்கு நான் சிரிச்சது பிழை,” என்றார் கமலநாயகி. சனிக்கிழமையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த ஜெர்மன் வசனம் அதைவிட நீளம். மிச்சம் மறந்துபோனது.

எமில் கோட்டின் ஓரத்தைத் தடவினார். தடிப்பாக இருந்தது. “வெட்டவில்லையா?”

“ஒரு துண்டும் வெட்டேல்ல. வேணுமெண்டால் அம்மாவின்ர அளவுக்கே திரும்ப விரிக்கலாம்.”

எமிலின் முகத்தைப் பார்க்கக் கமலநாயகியால் முடியவில்லை. கோட்டைப் பையில் போடாமல் மடித்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். எமில் வாங்கிக்கொண்டார்.