கால்ல கடிச்சிருச்சும்மா

நாகப்பட்டினத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறும்போது காலை பத்தே முக்கால். கையில் பர்ஸும் போனும் மட்டும்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வயலிலிருந்து மகள் பவித்ரா கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, கால்ல கடிச்சிருச்சும்மா. ரத்தம் வருது. நடக்க முடியல..."

அதோடு துண்டித்துக்கொண்டது. பிறகு அவள் போன் அணைந்தே கிடந்தது. அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா ஜெயந்தியும் எடுக்கவில்லை.

பவித்ரா பயிர்க் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. நாள் முழுக்க வரப்பில் நடை. ஐப்பசி மாதம், சம்பா நட்டாயிற்று, வாய்க்காலெல்லாம் தண்ணீர். வளைக்குள் தண்ணீர் புகுந்தால் பாம்புகள் வரப்பில் வந்துதான் படுக்கும். அந்தப் பயத்தில்தான் கணுக்கால்வரை மூடுகிற தோல் ஷூ ஒன்றை ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு வாங்கி அனுப்பியிருந்தேன். வீட்டில் கிடந்த அவளுடைய பழைய செருப்புதான் அளவு. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனாளா, கழற்றிப் போட்டுவிட்டுப் போனாளா என்பதுதான் வழியெல்லாம் என் யோசனை.

கீழ்வேளூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "ஏன்க்கா அழுவுறீங்க?" என்றார். சொன்னேன்.

"பூச்சியா?" என்று குரலைத் தாழ்த்தினார். வயல் வேலை செய்கிறவர்கள் பாம்பைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "நல்லதா, விரியனா? பாத்தாங்களா?"

"ஒண்ணும் தெரியலீங்க."

"எங்க கொழுந்தனாருக்கும் இப்படித்தான்க்கா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். "பொழைச்சுட்டாரு" என்று உடனே முடித்துவிட்டார். நடுக்கதையை விழுங்கிவிட்டார்.

திருவாரூர், கொரடாச்சேரி. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று போகலாமா நிற்கலாமா என்று நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை பச்சை. வேறொரு நாளாயிருந்தால் அழகு என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பச்சைக்குள் ஓடிய வரப்புகள்தான்.

அம்மாபேட்டை தாண்டியதும் ஜெயந்தி போனை எடுத்தார்.

"பவியா? வீட்டுலதாங்க இருக்கா. கால்ல தேங்கா எண்ணெய் தடவிட்டு டிவி பாக்குறா."

"எண்ணெயா! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஷூ கடிச்சதுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி?"

கீழ்வேளூர்ப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் நின்று, "எந்த ஷூம்மா, நல்லதா, விரியனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் தஞ்சாவூரில் இறங்கியதும் கடையில் சோடா குடித்துவிட்டுத்தான் திருவையாறு பஸ் பிடித்தேன்.

மூன்றரை மணிக்கு ஜெயந்தி வீட்டுக்குள் நுழைந்தேன். பவித்ராவுக்கு இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"சார்ஜ் போயிருச்சும்மா. அதுக்கு இவ்வளவு தூரம் ஓடி வருவியா?" என்றாள் பவித்ரா. பிறகு, "நாளையிலேர்ந்து செருப்புதான். இந்த ஷூ எனக்கு வேணாம்" என்றாள்.

செருப்புப் போட்ட கால் அந்த வரப்பில். பஸ்ஸில் பட்டதெல்லாம் மறுபடி நெஞ்சில் ஏறியது. காலைக்குள் அந்த ஷூவைப் பழக்கிவிட வேண்டும், வேறு வழியில்லை.

போனில் பார்த்து அவளே ஒன்று சொன்னாள்: பாலித்தீன் பையில் தண்ணீர் கட்டி, ஷூவுக்குள் வைத்து, ஃப்ரீசரில் போட்டால் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிய, ஷூவும் விரியுமாம்.

"மாவு வெச்சிருக்கற ஃப்ரிட்ஜுல செருப்பா?" ஜெயந்தி கதவை மறித்து நின்றுவிட்டார். "பாம்புக்குப் பயந்து வாங்குன ஷூ புள்ளையைக் கடிச்சிருச்சு. இப்ப என் இட்லி மாவையும் கடிக்கணுமா?"

மற்றதற்கெல்லாம் உதவினார். குதிகால் படும் இடத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவி, விரலால் மடக்கி மடக்கிப் பிசைந்தேன். உள்தையலில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். பழைய செய்தித்தாளை லேசாக நனைத்து, முனைவரை இறுக்கி அடைத்துக் காற்றாடிக்குக் கீழே வைத்தேன். பழைய சாக்ஸை வெட்டி, குதிகாலுக்கு இரண்டு மடிப்பாகத் தைத்தேன். புண்ணுக்குப் பிளாஸ்டர். ஊசியில் நூல் கோத்தது பவித்ராதான்.

காலையில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள்.

"எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நல்லாவே இருக்கு."

எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் காலைக் கீழே வைக்க யாருக்கும் யோசனை கிடையாது. கடலுக்குத்தான் பயப்படுவோம். இங்கே நிலமே அப்படி.

எட்டு மணிக்கு பஸ் ஏறினேன். ஊர் தாண்டும் இடத்தில் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். ஷூவோடுதான் வரப்பில் இறங்கினாள், கொஞ்சம் நொண்டினாள். பிறகு நின்று குனிந்தாள். கயிற்றை இறுக்கவா, அவிழ்க்கவா என்று தெரிவதற்குள் வாழைத்தோப்பு மறைத்துவிட்டது. போனைக் கையில் எடுத்தேன். கூப்பிடவில்லை.